கித்துல்கல மழையில் ரோசா: வைத்திருப்பதா, பிடுங்குவதா?

நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் வேனில் எப்படியும் நாலு ரோசாக் கன்று வரும். ஹக்கல பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப யாருக்கும் மனம் வருவதில்லை. வாங்கும்போது ஒவ்வொரு கன்றிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூ இருக்கும். லயத்து வாசலில் நட்டு ஒரு வருடம் போனபின் பார்த்தால் முழங்கால் உயரத்தில் ரெண்டு குச்சி, நுனியில் நாலு இலை, எப்போதாவது ஓரம் கருகிய ஒரு மொட்டு. பிடுங்கிப் போடுவதா, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பதா என்ற கேள்வி அப்போது வருகிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடம் முழுக்கச் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். நாம் இருப்பது களனி கங்கைக்கரைத் தாழ்நிலம். வெக்கையும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்த இடம். யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை விழும் பகுதிகளில் சேரும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. ஒக்டோபர், நவம்பரில் மதியத்துக்குப் பிறகு இடியும் மழையும். ஓரளவு காய்ந்த காலம் என்றால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் பாதி. ரோசாவுக்கோ வெயில் வேண்டும், காற்று வேண்டும், இலை சீக்கிரம் காய வேண்டும். அதனால் இங்கே ஒரு செடி ஏமாற்றினால் குறை செடியில் இருக்கலாம், நட்ட இடத்தில் இருக்கலாம், வாங்கிய இனத்தில் இருக்கலாம். இடத்தின் குறையைத் திருத்தலாம். இனத்தின் குறையை எந்த உரமும் திருத்தாது. எது எந்தக் குறை என்று பிரித்துப் பார்க்கத்தான் கீழே உள்ளவை.

செய்ய வேண்டியவை

மழை ஓய்ந்த பிறகு முடிவெடுங்கள். ஜூன், ஜூலையில் நம் பக்கத்து ரோசா எல்லாமே செத்ததுபோல் நிற்கும். இலை இல்லை, தண்டு கறுத்திருக்கும், மொட்டு விரியாமலே அழுகி உதிரும். பெரும்பாலும் அது கரும்புள்ளி நோயின் வேலை. இந்தப் பூஞ்சணத்தின் வித்து இலையில் விழுந்து ஏறிக்கொள்ள இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். பருவமழையில் நம் பக்கத்து இலை நாள்கணக்கில் காய்வதில்லை. அடி இலையில்தான் தொடங்கும். ஓரம் பிசிறு பிசிறான கருப்புப் பொட்டு, சுற்றி மஞ்சள், பிறகு உதிர்வு. அப்படி மொட்டையான செடி சாகவில்லை. ஆனால் வருடத்துக்கு மூன்று நாலு தடவை மொட்டையானால் தண்டில் சேமித்ததெல்லாம் கரைந்து, செடி வருடா வருடம் குட்டையாகிக்கொண்டே போகும். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதை மட்டும் மழைக்காலத்திலும் நிறுத்தாதீர்கள். நோய் அதில்தான் தங்கியிருந்து, மழைத்துளி தெறிக்கும்போது மேலே ஏறுகிறது.

தண்டைச் சுரண்டிப் பாருங்கள். நுனியிலிருந்து தொடங்குங்கள். நகத்தால் மேல்தோலை இலேசாகக் கீறினால் உள்ளே பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். பழுப்பாகக் காய்ந்திருந்தால் ஒரு அங்குலம் கீழே வந்து மறுபடி கீறுங்கள். பச்சை வந்த இடத்தில் வெட்டி உள்நடுவைப் பாருங்கள். வெள்ளையாக, அல்லது பாலேடு நிறத்தில் இருந்தால் அதற்குக் கீழே உயிர் நன்றாக இருக்கிறது. நடுவில் தவிட்டு நிறம் இருந்தால் இன்னும் கீழே போகவேண்டும். இப்படிப் போய்ப் போய் ஒட்டு வரைக்கும் பழுப்புதான் என்றால் காத்திருந்து பயனில்லை, அந்தச் செடி முடிந்தது. ஒரே ஒரு தண்டில் ஒட்டுக்கு மேல் நாலு அங்குலம் பச்சை இருந்தாலும் எனக்கு அது போதும். அங்கிருந்து மூன்று புதுத் தண்டு வந்த செடிகள் இந்தத் தோட்டங்களில் எத்தனையோ உண்டு.

ஒட்டு எங்கே என்று தேடுங்கள். கடையில் வாங்கும் ரோசாவில் பெரும்பாலானது மொட்டு ஒட்டியது. வேர் ஒரு காட்டு ரோசாவினுடையது, மேலே பூப்பது வேறொன்று. மண்ணுக்குச் சற்று மேலே தண்டு தடித்து ஒரு பக்கம் முண்டாகத் தெரியும் இடம்தான் ஒட்டு. ரப்பரில் ஒட்டுக்கன்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோசா. பார்த்தவர் எல்லாம் நல்ல வளர்த்தி என்பார்கள்.

"இலை பசேல்னுதான் இருக்குது அக்கா. ரெண்டு வருசமாப் பூவைக் கண்ணால காணல. உரம் பத்தலையோ?"

குனிந்து அடியைப் பார்த்தால் கதை தெரிந்தது. ஒட்டு மொட்டு எப்போதோ காய்ந்து, சுண்டுவிரல் நீளக் கட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வளர்ந்து நின்றது முழுக்க அடிக்கட்டையின் தளிர். இலைக்காம்பு ஒன்றில் 5 சிற்றிலை இருக்கவேண்டிய இடத்தில் 7, சிலதில் 9. காம்பின் அடியில் ஓரம் நூல் நூலாகக் கிழிந்த சிறு செதில். தண்டு மெலிந்து நீண்டு பக்கத்து வேலியில் சாய்ந்திருந்தது. இதற்கு உரம் போட்டால் காட்டு ரோசா இன்னும் உயரும், அவ்வளவுதான். பிடுங்க வேண்டிய செடி என்றால் இதுதான். செழிப்பாக நிற்பதால்தான் யாரும் அதைத் தொடுவதில்லை.

சிற்றிலை எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சில நல்ல தோட்ட ரோசாவுக்கும் 7 சிற்றிலை உண்டு. தண்டு ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதே உறுதியான சாட்சி. ஒட்டுக்கு மேல் நல்ல தண்டு ஒன்று இருந்து, கீழிருந்தும் தளிர் வந்தால் செடியை வைத்துக்கொள்ளலாம். அந்தத் தளிரைக் கத்தரிக்காமல், மண்ணை விலக்கி, புறப்படும் இடத்தோடு இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரித்தால் ஒன்று இருந்த இடத்தில் மூன்று வரும். கம்பு நட்டு வளர்த்த செடிக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேரிலிருந்து எது வந்தாலும் அதே ரோசாதான்.

வெயிலை மணிக்கணக்கில் எண்ணுங்கள். ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். அதுவும் காலை வெயில் என்றால் இரவு ஈரம் சீக்கிரம் காயும். ரப்பர் மலைக்குப் பக்கத்து லயங்களில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் ரப்பர் இலை உதிர்க்கிறது. அந்த நாட்களில் வாசலில் வெயில் கொட்டும், ரோசாவும் பூக்கும். மார்ச் வாக்கில் ரப்பர் தளிர்த்து மூடியதும் ரோசா சுருங்கிவிடும். பெப்ரவரியில் எண்ணிய வெயிலை நம்பி வருடக் கணக்குப் போடாதீர்கள், ஏப்ரலிலும் ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நுனியில் மொட்டே இல்லாமல் முடிகிற குருட்டுத் தளிர் நிறைய இருந்தால் வெளிச்சக் குறைவுதான் முதல் சந்தேகம். அப்படிப்பட்ட செடியை மாற்றிப் புதுச்செடி வைத்தாலும் அதே கதைதான் நடக்கும். ஜனவரிக்கு முன் வேரோடு மண்ணோடு எடுத்து வெயிலுக்கு நகர்த்துங்கள். நகர்த்த இடமே இல்லையென்றால் அந்த வாசலில் ரோசாவை மறந்துவிட்டு அந்தூரியம் வையுங்கள். நிழலையும் ஈரத்தையும் அது விரும்பி ஏற்கும்.

தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். லயங்கள் மலையை வெட்டிச் சமப்படுத்திய தட்டில் கட்டியவை. மேல்மண் வெட்டிய அன்றே போய்விட்டது. வாசலில் இருப்பது சரளை கலந்த இறுகிய அடிமண். அதில் ஒரு குழி தோண்டி நல்ல மண் போட்டு ரோசா நட்டால், சுற்றிலும் இறுக்கம், நடுவில் பொலபொலப்பு. மழைத்தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். செடிக்குப் பக்கத்தில் ஒரு அடி ஆழத்துக்குச் சிறு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். ரெண்டாம் முறை ஊற்றியது ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வேர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. தீர்வு ஆழமான குழி அல்ல, உயரமான பாத்தி. கல் அடுக்கி ஒன்றரை அடி உயர்த்தி அதில் நடுங்கள், பக்கத்தில் சின்னதாக ஒரு கான் வெட்டிவிடுங்கள்.

அடுத்தது தாவாரம். பீலி இல்லாத தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் ஒரே கோட்டில் விழும். அந்தக் கோட்டில் செடி இருந்தால் மண் அரித்து ஒட்டு வரைக்கும் சேறு தெறித்திருக்கும். மூன்றடி முன்னால் தள்ளி வைத்தாலே தேறிய செடிகள் உண்டு.

நட்டபோது கறுப்புப் பொலித்தீன் பையைக் கழற்றினீர்களா? பக்கத்தில் நாலு கீறல் போட்டு அப்படியே புதைப்பவர்கள் இருக்கிறார்கள். தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். ஒரு வருடம் ஆன செடி மண்ணைப் பிடித்து நிற்கவேண்டும். மொத்தமாக ஆடினால் வேர் பைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. காய்ந்த காலத்தின் தொடக்கத்தில் எடுத்து, பையைக் கிழித்து, சுற்றிய வேரை விரலால் பிரித்து, அழுகியதை வெட்டிவிட்டு மறுபடி நடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக எந்தச் செடியையும் தூக்கிப் போடவேண்டாம்.

மண்ணின் புளிப்பைக் குறையுங்கள். தேயிலை செழிக்கும் மண்ணின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை. ரோசா கேட்பது 6 முதல் 6.5 வரை. கொழுந்து கொழிக்கும் மலைக்குப் பக்கத்தில் ரோசா வெளிறி நிற்க இதுவும் ஒரு காரணம். கவ்வாத்து மலைக்குத் தோட்டம் போடும் அதே டொலமைட் போதும். செடிக்கு ஒரு கைப்பிடி, அடித்தண்டில் படாமல் சுற்றிலும் தூவி மண்ணோடு கலந்துவிடுங்கள். அது வேலை செய்யச் சில மாதம் எடுக்கும், உடனே மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். யூரியாவோடு ஒரே நாளில் போடவேண்டாம். போட்ட உரத்தின் சத்து ஆவியாகிப் போய்விடும்.

ஒரு கவ்வாத்து, ஒரு காய்ந்த பருவம் கொடுங்கள். மேலே சொன்ன திருத்தங்களைச் செய்தபின் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோ கவ்வாத்து செய்யுங்கள். காய்ந்தது, பென்சிலைவிட மெலிந்தது, உள்ளே குறுக்கே ஓடுவது எல்லாம் போகட்டும். நல்ல தண்டு மூன்று, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு அடி, வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்குக் கொஞ்சம் மேலே சாய்வாக வெட்டுங்கள். நன்றாக மக்கிய மாட்டுச் சாணம் ஒரு கூடை. வாரத்துக்கு ரெண்டு மூன்று தடவை, காலையில், இலையில் படாமல் அடியில் தண்ணீர்.

வெட்டியதிலிருந்து 6 முதல் 8 வாரத்தில் புதுத் தளிரில் பூ வரவேண்டும். பெப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் உங்களுக்கு முதல் விடை கிடைக்கும். வாடிய பூவை 5 சிற்றிலை உள்ள நல்ல இலைக்கு மேல் வெட்டிவிட்டால் சித்திரை வருடப் பிறப்பையொட்டி அடுத்த சுற்று. நான் பார்ப்பது பூவின் எண்ணிக்கையை அல்ல. ஒட்டுக்குப் பக்கத்திலிருந்து பழைய தண்டைவிடத் தடித்த புதுத்தண்டு ஒன்றாவது கிளம்பியதா என்பதைத்தான். கிளம்பியிருந்தால் பூ குறைவாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். வேர் பிடித்துவிட்டது, மேலே வருவது நேரத்தின் வேலை. ரெண்டு சுற்றிலும் நுனியில் மெல்லிய குச்சி மட்டும் விட்டு, அடியில் ஒன்றுமே அசையவில்லை என்றால் ஏப்ரலிலேயே எடுத்துவிடுங்கள். அந்த மாத மழையில் புதுச்செடி வைத்தால் பருவக்காற்று வருவதற்குள் வேரூன்ற ஒரு மாதம் கிடைக்கும்.

நட்டு ஆறு மாதம்கூட ஆகாத கன்றை இந்தச் சோதனைக்கே உட்படுத்தவேண்டாம். அது வேர் விடும் காலம். முதலில் வரும் ஒன்றிரண்டு மொட்டைக் கிள்ளிவிட்டுத் தண்டு வளர விடுங்கள்.

செய்யக்கூடாதவை

தேயிலைக்குப் போடும் உரத்தை அள்ளிப் போடாதீர்கள். கையில் கிடைக்கிறது என்பதற்காகப் பலரும் இதைச் செய்கிறார்கள். தேயிலையில் நாம் பறிப்பது கொழுந்து. அதற்குத் தழைச்சத்து அதிகம் வேண்டும், கலவையும் அப்படித்தான். ரோசாவில் அது நீளமான, மெத்தென்ற தளிரைக் கொடுக்கும், பூவைக் கொடுக்காது. அந்தத் தளிரில்தான் நோயும் பேனும் முதலில் ஏறும். ஏற்கெனவே புளித்த மண் இன்னும் புளிக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது, சாணமும் மக்கிய இலையும் மட்டும் போட்டவர்கள் வாசலில் ரோசா நின்றுபோகவில்லை. மழையில் அரித்துப் போகாத உரம்தான் நம் மண்ணுக்குப் பொருத்தம்.

நூல்போல் சுருங்கிய இலையைப் பார்த்துப் பதறாதீர்கள். கானோரம், பாதையோரம் கிளைபோசேட் அடித்த நாளில் காற்றில் கொஞ்சம் உங்கள் செடிமேல் பட்டிருக்கலாம். இலை ஒடுங்கி, கொத்துக் கொத்தாக, பார்க்கப் பெரிய நோய் மாதிரி இருக்கும். சிலசமயம் அடித்துப் பல வாரம் கழித்துக்கூட அடுத்த தளிரில்தான் தெரியும். அந்தக் கொத்தை வெட்டிவிட்டு ரெண்டு சுற்றுத் தளிர் பாருங்கள். மூன்றாவது நேராக வந்தால் செடிக்கு ஒன்றுமில்லை. களைநாசினி அடிக்க வரும் நாளை முன்கூட்டிக் கேட்டு, செடியை ஒரு பழைய சாக்கால் மூடிவைக்கலாம்.

காய்ந்த மாதங்களில் மொட்டோரம் கருகினால் செடியைக் குற்றம் சொல்லாதீர்கள். இலைப்பேனின் வேலை அது. கெட்ட மொட்டைக் கிள்ளி எறியுங்கள். மழை வந்தால் அதுவே குறையும்.

அடியில் கழலை கண்ட செடியை வைத்திருக்காதீர்கள். ஒட்டிலோ வேரிலோ மரக்கட்டைபோல் சொரசொரப்பான கட்டி இருந்தால் அது பக்டீரியா நோய், மருந்து கிடையாது. கத்தியின் வழியே அடுத்த செடிக்கும் போகும். வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். மெல்லிய வேர் முழுக்கக் கடுகு, பயறு அளவில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்தச் செடியும் போகவேண்டியதுதான். அந்த இடத்தில் சில மாதம் துலுக்கச் செவ்வந்தி வளர்த்துவிட்டுப் பிறகு வேறு ஏதாவது வையுங்கள்.

இலையில் மஞ்சள் கோலம் விழுந்த செடியிலிருந்து கம்பு எடுக்காதீர்கள். வளைந்து வளைந்து மஞ்சள் கோடு ஓடினால் அது வைரஸ். குணமாகாது. ஆனால் ஒட்டு, கம்பு வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது. நன்றாகப் பூக்கிறதென்றால் அந்தச் செடி அதன் இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கும் கம்பு மட்டும் கொடுக்கவேண்டாம்.

வாராவாரம் மருந்தடித்துக் காப்பாற்றாதீர்கள். லயத்து வாசல் என்பது பிள்ளைகள் விளையாடும் இடம், உடுப்புக் காயப்போடும் இடம், குழாயடிக்குப் போகும் வழி. பூஞ்சண மருந்து இல்லாமல் நிற்கமாட்டேன் என்கிற செடிக்கு அந்த இடத்தில் உரிமை இல்லை என்பது என் முடிவு. மழையில் அடித்த மருந்து எப்படியும் கானோடு போய்விடும். மருந்து தேவைதானா என்று சந்தேகம் இருந்தால், நோய்கண்ட இலையோடு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம்.

ரோசா எடுத்த குழியில் ரோசா வைக்காதீர்கள். செத்த செடியைப் பிடுங்கி, அதே குழியில் அதே நாளில் புதிதை வைத்துவிட்டு, அதுவும் வளரவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் ஏராளம். ரோசா நின்ற மண் அடுத்த ரோசாவை ஏற்பதில்லை. மண்ணில் பெருகிய நூற்புழுவும் பூஞ்சணமும் இளவேரைப் பிடிப்பது முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. பழைய செடிக்குப் பெரிய வேர் இருந்ததால் தாங்கியது, கன்றுக்குத் தாங்காது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுநாளே கன்று வைப்பதில்லை. மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, வெட்டி வெட்டி அங்கேயே போட்டு, ஒன்றரை ரெண்டு வருடம் மண்ணை ஆறவிட்டபிறகுதான் தவறணையிலிருந்து கன்று வரும். அவ்வளவு பெரிய மலைக்கே பொறுக்கிறவர்கள் ஒரு முழ இடத்துக்குப் பொறுக்கமாட்டோம் என்பது சரியில்லை. வேறு இடம் இருந்தால் அங்கே வையுங்கள். அந்த இடம்தான் உண்டு என்றால் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை முழுக்க எடுத்து மாற்றுங்கள். எடுத்த மண் வீணாகாது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதைப் போடலாம், நூற்புழு முடிச்சு கண்ட மண்ணை மட்டும் மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏமாற்றிய இனத்தையே மறுபடி வாங்காதீர்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அகலவத்தை ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற ரப்பர் இனத்தைப் பழையவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நல்ல வளர்த்தி, நல்ல பால் என்று நம்பித் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். 1980களின் நடுவில் கொரினெஸ்போரா என்ற இலையுதிர் நோய் வந்தது. அந்த இனம் அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. இளமரம் திரும்பத் திரும்ப இலை கொட்டி நின்றது. கடைசியில் 4,000 ஹெக்டேயருக்கு மேல் பிடுங்கவேண்டி வந்தது. அதே நிலையம் தந்த ஆர்.ஆர்.ஐ.சி. 100 அந்த நோயை ஓரளவு தாங்கி நின்றது. ரெண்டுக்கும் ஒரே மண், ஒரே மழை, ஒரே கைதான்.

ரோசாவிலும் அப்படித்தான். கடையில் கண்ணைப் பறிக்கும் பெரிய பூ ரோசாக்கள் கலப்புத் தேயிலை ரோசா என்ற வகை. 1867இல் பிரான்சில் வந்த 'லா பிரான்ஸ்' அந்த வகையில் முதலாவது என்பார்கள். அப்போதிருந்து பெரும்பாலும் குளிர் நாட்டுத் தோட்டத்துக்காகவும் பூக்கடைக்காகவும் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. இதழ் அடுக்கு அடுக்காக நெருங்கியிருப்பதால் மழைத்தண்ணீர் உள்ளே தங்கி மொட்டு விரியாமல் அழுகும். நம் பக்கத்துக்கு இதழ் குறைந்த, கொத்தாகப் பூக்கும் வகை பொருத்தம். பன்னீர் ரோசா, சின்னப் பூ பூக்கும் பட்டன் ரோசா, பெயரே தெரியாமல் வீடு வீடாகக் கைமாறிவந்த இளஞ்சிவப்பு நாட்டு ரோசா. பூ சிறியதுதான். ஆனால் கோயில் திருவிழாவுக்குத் தலையில் வைக்கவும், ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பவும் வாசலில் இருப்பது அதுதான்.

அவிசாவளைக்குப் பக்கத்தில் இலுக்கோவிட்டவில் 2014இல் திறந்த சீதாவாக்கை ஈரவலயத் தாவரவியல் பூங்காவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஹக்கலவில் பார்த்து ஆசைப்படுவதைவிட, நம் மழையில் எது செழிக்கிறது என்று அங்கே பார்த்து ஆசைப்படுவது பலன் தரும்.

பூவைப் பார்த்துக் கன்று வாங்காதீர்கள். வீதியோரக் கடையில் பூத்து நிற்பது மலைநாட்டுக் குளிரில் பூத்தது. பூ இல்லாத, தடித்த தண்டு மூன்று உள்ள, அடி இலை உதிராத கன்றைக் கேளுங்கள். பையைத் திருப்பி அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் வேண்டாம். எங்கே வளர்த்தது என்றும் கேளுங்கள். கேகாலை, அவிசாவளைப் பக்கம் வளர்த்ததென்றால் கூடுதலாகக் காசு கொடுத்தாலும் தகும்.

நினைவுக்காக வைத்த செடியை உடனே எறியாதீர்கள். கல்யாணத்துக்கு வந்தது, வெளிநாடு போன பிள்ளை நட்டது என்று ஒவ்வொரு செடிக்கும் பின்னால் ஒன்று இருக்கும். மற்ற எந்தச் செடிக்கும் காட்டாத சலுகையை அதற்குக் காட்டுவதில் தப்பே இல்லை. காய்ந்த பருவத்தில் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். மழை மாதங்களில் கூரை ஓரத்துக்கு, காலை வெயில் படும் பக்கம் நகர்த்தி வையுங்கள். ரெண்டு கம்பு எடுத்துத் தனியாக வேர் பிடிக்கவும் வையுங்கள். தாய்ச்செடி போனாலும் ரோசா போகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதுச்செடிக்குக் காசு எடுக்குமுன் உங்கள் லயத்திலும் அடுத்த லயத்திலும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஜூலை மழையிலும் இலையோடு நிற்கும் ரோசா ஒன்று எங்கேயாவது இருக்கும். அந்த வீட்டு அக்காவிடம் பூத்து முடிந்த தண்டில் பென்சில் பருமனில் ஆறு எட்டு அங்குலக் கம்பு நாலு கேளுங்கள். அடி இலையைக் கிள்ளிவிட்டு, பாதிக் கம்பு மண்ணுக்குள் இருக்கும்படி, மணலும் மக்கிய இலையும் கலந்த பையில் நிழலில் நடுங்கள். நாலில் ரெண்டு பிழைத்தால் போதும், ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். ஒட்டு காயும் கவலை அதற்கு இல்லை, இந்த மழையும் அதற்குப் புதிதில்லை. அது பூத்தபின் உங்கள் வாசலுக்கு யாராவது கம்பு கேட்டு வந்தால் நீங்களும் தயங்காமல் வெட்டிக் கொடுங்கள்.